செல்போனில் இந்தி: மளிகைக் கடைக்கு எவ்வளவு தேவை?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் இராமானுஜர் அவதரித்த தலம் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். 1996-ல் ஹூண்டாய் வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. நோக்கியாவை 2006-ல் திறந்தார்கள், 2014-ல் மூடினார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. கம்பெனிகளோடு ஆட்கள் வந்தார்கள், ஆட்களோடு பசியும் வந்தது. அந்தப் பசிக்கு அரிசி பருப்பு கொடுப்பவர்கள் நம் மளிகைக்காரர்கள்.

முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள். இன்றோ மாத்தூர், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்கி, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். மெஸ்ஸில் சாப்பிடுகிறவரால் மளிகைக்காரருக்கு ஒன்றும் இல்லை. அறையில் அடுப்பு மூட்டுகிறவர்தான் நமக்கு வாடிக்கை.

மொத்த வியாபாரத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு, எந்தக் கடையில் யார் சரக்கு வாங்குகிறார்கள் என்பதைக் கடைக்குப் போய்ப் பார்க்கவேண்டியதில்லை. வருகிற சீட்டைப் பார்த்தாலே போதும். ஒரே தெருவில் இரண்டு கடை. ஒரு கடையிலிருந்து கடுகு எண்ணெய், மசூர் பருப்பு, சத்துமாவு, அவல், ஆட்டா என்று வாரம் இரண்டு முறை சீட்டு வருகிறது. மற்றொரு கடையின் சீட்டு பத்து வருஷத்துக்கு முன் இருந்தபடியே இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே விலையில்தான் போடுகிறோம், ஒரே தவணைதான் கொடுக்கிறோம். வித்தியாசம் ஒன்றே ஒன்று. முதல் கடைக்காரர் இந்தி பேசுகிறார். அதுவும் சரளமாக இல்லை, ஒரு நூறு நூற்றைம்பது வார்த்தைகள்தான். அவர் யாரிடமும் டியூஷன் போகவில்லை. மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும்போது கையிலிருந்த செல்போனில் கற்றுக்கொண்டார்.

இது விளையாட்டான விஷயம் இல்லை. விடுதிகள் இருக்கும் பகுதிகளில் வெளிமாநிலத்தவரே மளிகைக் கடை போட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்மவர்கள் பம்பாயிலும் பினாங்கிலும் அதைத்தானே செய்தார்கள்? ஆனால் அந்தக் கடையில் விலை நம்முடையதைவிட ஒன்றிரண்டு ரூபாய் கூடத்தான் இருக்கிறது. அப்படியும் கூட்டம் அங்கேதான். பேச்சுப் புரிகிற இடத்துக்கு ஆள் போகிறான்.

இதைவிடப் பெரிய காரியமும் ஒன்று உண்டு. 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஹோலி சமயம் வேறு. பயந்தவர்களும் பண்டிகைக்குப் போனவர்களும் சேர்ந்து ரயிலில் இடமில்லை. பீகார் அரசு அதிகாரிகள் நேரில் வந்து விசாரித்தார்கள். வீடியோக்கள் பொய் என்று நம் காவல்துறை அறிவித்தது. அந்த நாலைந்து நாட்களில், அறையைவிட்டு வெளியே வரலாமா என்று அந்தப் பையன்கள் கேட்ட இடம் எது? தினமும் உப்பு, மிளகாய் வாங்குகிற கடைதான். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் சொன்னார். தெரியாதவர் கையை ஆட்டினார். கையாட்டலுக்கு ‘பயப்படாதே’ என்றும் அர்த்தம் உண்டு, ‘போய்விடு’ என்றும் அர்த்தம் உண்டு.

‘இந்தியா? நம் கடையிலா?’

உறுப்பினர்களில் சிலர் முகம் சுளிப்பது நமக்குத் தெரியும். 1937-லும் 1965-லும் இந்த மண்ணில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. 1968-ல் இருமொழிக் கொள்கை வந்தது. அதன் பிறகு அரசுப் பள்ளியில் படித்த நமக்கு இந்தி எழுத்தே தெரியாது. அதனால் நமக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை என்றே இன்றும் சொல்வோம். ஆனால் ஒரு மொழியைக் கட்டாயமாக்குவது வேறு, கடைக்கு வந்தவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொள்வது வேறு. சவுக்கார்பேட்டையில் கொள்முதலுக்குப் போன நம் பெரியவர்கள் மார்வாடியிடம் அரைகுறை இந்தியில்தான் பேரம் பேசினார்கள். மிளகாய்க்குக் குண்டூர் போனவர் தெலுங்கு பேசினார். பர்மாவில் கடை வைத்த நகரத்தார் பர்மிய மொழி பேசினார்கள். அவர்களில் யாருக்கும் தமிழ் மறந்துபோகவில்லை.

இன்னொன்று. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இந்தியில் முப்பது வார்த்தை ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. பாக்கி, வசூல், ரசீது, அசல், நகல், தயார், சந்தா, சீனி, ஆட்டா, மைதா, ஜீரா. இவற்றில் எதைச் சொன்னாலும் பாட்னாக்காரருக்கு விளங்கும். நவாப் ஆட்சியிலும் மராட்டியர் ஆட்சியிலும் கணக்குப் புத்தகம் வழியாக வந்து தங்கிய வார்த்தைகள் இவற்றில் பல. ஆக, பேரேட்டு மொழியில் பாதி வழி கடந்தாயிற்று.

காசில்லாமல் கிடைப்பவை

முன்பு பஸ் நிலையத்தில் ‘முப்பது நாளில் இந்தி’ என்று சின்னப் புத்தகம் விற்பார்கள். அதை வாங்கிப் படித்தவர்கள் பாதியில் விட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஓசை பிடிபடாது. கால் கிலோவுக்கு இந்தியில் ‘பாவ்’. விலைக்கும் ‘பாவ்’. நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. வாயில் இரண்டும் வேறு. முதலாவது மெல்ல உதடு பிரிகிற ‘ப’, இரண்டாவது வயிற்றிலிருந்து காற்றோடு வருகிற கனத்த ‘ப’. வெங்காயம் என்ன விலை என்று கேட்டவருக்குக் கால் கிலோ நிறுத்துக் கொடுத்தால் சண்டைதான். காகிதத்தால் முடியாததைச் செல்போன் செய்கிறது. அந்த வார்த்தையை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லிக் காட்டுகிறது, அலுத்துக்கொள்வதில்லை.

எல்லோரும் அறிந்தது கூகுள் மொழிபெயர்ப்பு. அதில் 2011-லேயே தமிழ் வந்துவிட்டது. 2020-ல் ஒடியா சேர்ந்தது. 2022-ல் அசாமி, போஜ்புரி, மைதிலி ஆகியவை வந்தன. மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது இந்தியில் பேசும். மத்திய அரசின் ‘பாஷினி’ 2022-ல் வந்தது. அதுவும் இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்க்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட ‘பாஷா சங்கம்’ செயலி அன்றாடம் பேசும் நூறு வாக்கியங்களை 22 மொழிகளில் கற்றுத்தருவதற்காக உண்டாக்கப்பட்டது. மைசூரில் உள்ள இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தின் ‘பாரதவாணி’ தளத்தில் அகராதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டுக் கம்பெனியான டியோலிங்கோவிலும் 2018 முதல் இந்திப் பாடம் உண்டு. ஆனால் அது ஆங்கிலம் வழியாக நடப்பது. நம் கடைப் பையன்களில் கல்லூரி போனவர்களுக்கு ஒத்துவரும், நமக்கு ஒத்துவராது. யூடியூபில் தமிழில் விளக்கி இந்தி சொல்லித்தரும் பாடங்கள் ஏராளம். அவற்றில் ‘கடையில் பேசுவது’, ‘எண்கள்’ என்ற இரண்டை மட்டும் தேடிக் கேட்டால் போதும். இலக்கணப் பாடத்தில் நுழைந்தால் ஆண்பால் பெண்பாலில் சிக்கிக்கொண்டு வெளியே வரமாட்டோம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க நினைப்பவருக்கு 1918-ல் தொடங்கிய தட்சிண பாரத இந்திப் பிரசார சபை தியாகராய நகரில் இருக்கிறது. மளிகைக் கடைக்கு அவ்வளவு வேண்டாம்.

“மொழிபெயர்ப்புக் கருவி இருக்கும்போது நாம் ஏன் படிக்கவேண்டும், அதையே நீட்டிவிடலாமே?” என்று கேட்கலாம். கடையில் நாலு பேர் நிற்கும்போது போனை எடுத்து, பேசி, காத்திருந்து, நீட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். தவிரவும் கருவிக்கு மளிகை தெரியாது. ‘கடலை’ என்றால் நிலக்கடலையா கொண்டைக்கடலையா என்று அது நம்மிடம் திருப்பிக் கேட்பதில்லை. நல்லெண்ணெயை ‘நல்ல எண்ணெய்’ என்று மாற்றிவிடும் அபாயம் உண்டு. எள்ளெண்ணெய்க்கு அவர்கள் சொல்வது ‘தில் கா தேல்’. பச்சரிசி, புழுங்கலரிசி என்று நாம் பிரிப்பதுபோல் பீகார்க்காரரும் ‘அர்வா’, ‘உஸ்னா’ என்று பிரிக்கிறார். இந்த இரண்டு வார்த்தையைத் தெரிந்துவைத்திருக்கும் அரிசிக்கடைக்காரரைப் பார்த்து அவர்கள் முகம் மலர்வதை நாமே பார்த்திருக்கிறோம். மூட்டையைப் பிரித்துக் காட்டவேண்டிய வேலையும் மிச்சம்.

கருவியை அகராதியாக வைத்துக்கொள்ளலாம், ஆசிரியராக வைத்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியர் கடை வாசலில் நிற்கிறார். ஒவ்வொரு சரக்கையும் கையில் எடுத்துக் காட்டி “இதை என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டால், சொல்லிக்கொடுக்க மறுக்கிற வாடிக்கையாளர் யாரும் இல்லை.

எண்கள்

எல்லாவற்றிலும் கஷ்டம் எண். தமிழில் இருபதோடு ஒன்றைச் சேர்த்தால் இருபத்தொன்று. இந்தியில் நூறு வரைக்கும் ஒவ்வோர் எண்ணும் கிட்டத்தட்டத் தனித்தனி வார்த்தை. அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பத்துப் பத்தாக ஏறுவது (தஸ், பீஸ், தீஸ், சாலீஸ், பசாஸ், ஸாட், ஸத்தர், அஸ்ஸீ, நப்பே, சௌ) முதல் வாரம். ஐந்தில் முடிகிறவை இரண்டாம் வாரம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: 25 பச்சீஸ், 50 பசாஸ், 55 பச்பன், 85 பச்சாஸி. அவசரத்தில் நான்கும் ஒன்றுபோலவே விழும். கால்குலேட்டரில் காட்டிவிடுவது நல்லது. 29, 39, 49 ஆகியவற்றில் முன்னால் ‘உன்’ என்று வரும், ‘ஒன்று குறைய’ என்று அர்த்தம். உன்தீஸ் என்றால் முப்பதுக்கு ஒன்று குறைய 29. முப்பத்தொன்று என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் எண்ணைவிட நமக்கு முக்கியம் பின்னம். நம் பழைய கணக்கில் கால், அரைக்கால், மாகாணி இருந்ததுபோல் அவர்கள் வாயில் இன்றும் பின்னம் உயிரோடு இருக்கிறது. சவா என்றால் ஒன்றேகால். டேட் என்றால் ஒன்றரை. டாயி என்றால் இரண்டரை. மூன்றரை, நாலரைக்கு முன்னால் ‘சாடே’ வரும். ஒன்றேமுக்கால் ‘பௌனே தோ’, அதாவது இரண்டுக்குக் கால் குறைய. இவற்றை நூறோடும் சேர்ப்பார்கள். ‘டேட் சௌ’ 150. ‘டாயி சௌ’ 250. எண் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கூட இங்கே விழுவார். ‘சௌ’ மட்டும் காதில் விழ, நூறு ரூபாய் என்று நினைத்துக்கொள்வார்.

‘கல்’ என்ற வார்த்தை

கடன் கொடுக்கும் கடைக்காரர்கள் இந்த ஒரு பத்தியையாவது இரண்டு தரம் படிக்கவேண்டும். இந்தியில் நேற்றுக்கும் ‘கல்’, நாளைக்கும் ‘கல்’. முந்தாநாளுக்கும் நாளன்றைக்கும் சேர்த்து ‘பர்சோன்’. பின்னால் வரும் வினைச்சொல்தான் எது என்று காட்டும். ‘கல் தியா’ என்றால் நேற்றுக் கொடுத்துவிட்டேன். ‘கல் தூங்கா’ என்றால் நாளைக்குக் கொடுப்பேன். பெண்ணாக இருந்தால் ‘தூங்கி’.

வல்லம் பக்கம் ஒரு கடையில் இதனால் பெரிய ரகளை நடந்தது. பையன் ‘கல் தியா’ என்கிறான். கடை மூடும் நேரத்தில் முதலாளியின் மகனிடம் கொடுத்திருக்கிறான். முதலாளிக்குத் தெரிந்தது ‘கல்’ மட்டும். நாளை என்கிறான், போன வாரமும் நாளை என்றான், என்று சத்தம் போட்டார். பையனோடு வந்த நாலு பேரும் கணக்கைத் தீர்த்துவிட்டு அன்றோடு கடையை மாற்றிவிட்டார்கள். மாதம் பிறந்தால் ஐந்து பேர் சரக்கு என்பது சின்ன விஷயமா? நம்மிடம் வரும் கடைக்காரர்களுக்கு இதற்கு ஒரு குறிப்புச் சொல்லிவைத்திருக்கிறோம்: ‘தூங்கா’ என்று கேட்டால் நம் பணம் இன்னும் தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், மறக்கமாட்டார்கள்.

கடனுக்கு ‘உதார்’. கணக்குக்கு ‘காத்தா’. சில்லறைக்கு ‘சுட்டா’. பற்றுவரவு நோட்டில் தொகையை எழுதி, அவர் கண் முன்னாலேயே அவர் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கத்தை ஒரகடத்தில் சிலர் ஆரம்பித்திருக்கிறார்கள். எந்த மொழியும் தேவைப்படாத நல்ல ஏற்பாடு.

நீயா, நீங்களா?

தமிழில் நீ, நீங்கள் போல இந்தியில் மூன்று படி உண்டு: தூ, தும், ஆப். சினிமாவைப் பார்த்து இந்தி கற்றவர்கள் ‘தூ’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வயதில் சின்னவனாக இருந்தாலும் முன்பின் தெரியாதவரிடம் அது மரியாதைக்குறைவு. எப்போதும் ‘ஆப்’ என்றே பேசினால் வம்பில்லை. ஆண்களை ‘பையா’, பெண்களை ‘தீதி’ என்று கூப்பிடலாம். அண்ணன், அக்கா என்பதுபோல. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, 18,720 பேர் தங்கலாம். அங்கே நம் ஊர்ப் பெண்களோடு வெளிமாநிலப் பெண்களும் வேலைக்கு வருகிறார்கள். அவர்களிடம் பேச்சில் இன்னும் கவனம் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1860 முதல் நம் ஜனங்கள் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்கள். பின்னால் அங்கே கடை வைத்த இந்தியர்கள், சூலு வாடிக்கையாளர்களிடம் பேச ‘பனகாலோ’ என்ற கலப்பு மொழியைப் பயன்படுத்தினார்கள். டிரான்ஸ்வால் பக்கம் கடை வைத்தவர்கள் ஆப்பிரிக்கான்ஸ் கற்றுக்கொண்டார்கள். ஆப்பிரிக்கான்ஸ் முழு மொழி. பனகாலோ அப்படியல்ல. முதலாளி வேலைக்காரனுக்கு உத்தரவு போடுவதற்கென்றே வளர்ந்தது. வியாபாரம் நடந்தது, ஆனால் சூலு மக்கள் அதைக் கேவலமாகவே பார்த்தார்கள். ‘எடு’, ‘வை’, ‘போ’ மட்டும் கற்றுக்கொண்டு நாமும் ஒரு பனகாலோ இந்தி பேசக் கூடாது. ‘சாப்பிட்டீர்களா’, ‘ஊரில் எல்லோரும் சௌக்கியமா’ என்ற இரண்டையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளவேண்டும்.

எல்லோரும் இந்திக்காரர் இல்லை

வடக்கிலிருந்து வந்தவர் எல்லோரையும் இந்திக்காரர் என்று சொல்லிவிடுகிறோம். ஒடிசாக்காரருக்கும் வங்காளிக்கும் அசாமியருக்கும் இந்தி நம்மைப்போலவே படித்துத் தெரிந்துகொண்ட மொழி. ‘எவ்வளவு’ என்பதற்கு இந்தியில் கித்னா, ஒடியாவில் கேத்தே, வங்காளத்தில் கொத்தோ, அசாமியில் கிமான். இந்த நாலைத் தெரிந்துகொண்டால் வந்தவர் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அவர் உப்பை ‘லுண’ என்று கேட்டால் ஒடிசா. நம் இலவணம்தான் அது, தேய்ந்துபோயிருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொரியர்கள் சமையல்காரரையோ டிரைவரையோ அனுப்பித்தான் வாங்குகிறார்கள், ஆகவே கொரிய மொழி மளிகைக்கு அவசரமில்லை. விருப்பமுள்ள இளைஞர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கொரியாவின் சேஜோங் மன்னர் 1446-ல் வெளியிட்ட எழுத்தில் இன்று அடிப்படை எழுத்து 24-தான். அவர் பெயரால் உள்ள நிறுவனம் இணையத்தில் இலவசப் பாடம் நடத்துகிறது. சென்னையில் 2006 முதல் இன்கோ மையமும் இருக்கிறது. அவர்களும் தகப்பனை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. நம் பிள்ளைகளுக்குச் சுலபமாகவே வரும்.

நம்மிடம் தமிழ் கற்றுக்கொள்ள ஆசைப்படும் தொழிலாளர்களும் உண்டு. அவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தைக் காட்டுங்கள். 2001-ல் அரசு தொடங்கியது, பாடங்கள் இணையத்தில் இலவசம்.

கடைசியாகக் கடைப்பலகை விஷயம். இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைத்தால் ஆள் வருவார்கள் என்று சிலர் பெயர்ப்பலகையையே மாற்றுகிறார்கள். பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்கவேண்டும் என்பது நம் மாநில விதி. அதைத் தொடவேண்டாம். உள்ளே ஒரு அட்டையில் சரக்கின் பெயரையும் விலையையும் அவர்கள் எழுத்தில் எழுதி, பருப்பு டப்பாக்களுக்கு மேல் தொங்கவிடலாம். எழுதித் தர ஆள் தேடவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருகிறவரிடம் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தால் போதும்.